சாஃப்ட்னர்ல சோடியமா பொட்டாசியமா? முதல்ல கிச்சன் பைப் எங்கேருந்து வருதுன்னு பாருங்க

வீட்டுக்கு வாட்டர் சாஃப்ட்னர், அதாவது கடினத் தண்ணியை மென்மையாக்கற மெஷின், வைக்கலாம்னு முடிவு பண்ணினதும் வர்ற அடுத்த குழப்பம், உப்புத் தொட்டியில சாதா உப்பு போடறதா இல்ல பொட்டாசியம் குளோரைடு போடறதாங்கறது. விக்கிறவங்க "பொட்டாசியம் தான் உடம்புக்கு நல்லது"ன்னு சொல்லுவாங்க, தெரிஞ்சவங்க யாராவது "ஐயோ அது கிட்னிக்கு ஆகாதே"ன்னு பயமுறுத்துவாங்க. ரெண்டுமே பாதி சரி, யாருக்குங்கறதைச் சொல்லாம விட்டுட்டதால தான் குழப்பம். என் கருத்தை இங்கயே சொல்லிடறேன்: எந்த உப்புங்கறது ரெண்டாவது கேள்வி தான், சாஃப்ட்னர் வழியா வர்ற தண்ணி குடிக்கிற குழாய்க்கு வரணுமா வேண்டாமாங்கறது தான் முதல் கேள்வி, அதுக்குப் பதில் கிடைச்சிட்டா மத்ததுல முக்கால்வாசி தானா தீர்ந்துடும்.

சாஃப்ட்னர் இல்லாத வீட்ல குடிதண்ணியில பொட்டாசியம் பத்தி கவலைப்பட பெருசா ஒண்ணும் இல்ல. பாறை, களிமண்ணுலேருந்து கரைஞ்சு வர்றது, வயல் உரத்துலேருந்து இறங்குறது, சாக்கடை கலந்தா வர்றதுன்னு எல்லாம் இருந்தாலும் பெரும்பாலான நிலத்தடி நீர்ல லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டறது அபூர்வம். திடீர்னு ரொம்ப ஏறிச்சுன்னா அது பொட்டாசியம் பிரச்சினையா இருக்கறதை விட, உரமோ கழிவுநீரோ உள்ள வருதுங்கறதுக்கான தடயமா இருக்கும், அப்போ நைட்ரேட்டையும் கிருமியையும் தான் டெஸ்ட் பண்ணணும். ஐரோப்பாவுல 1980 குடிநீர் சட்டத்துல பொட்டாசியத்துக்கு லிட்டருக்கு 12 மில்லிகிராம்னு ஒரு வரம்பு இருந்துச்சு, 1998ல வந்த புதுச் சட்டத்துல அதை எடுத்துட்டாங்க. உலக சுகாதார நிறுவனமும் குடிநீர்ல பொட்டாசியத்துக்கு உடல்நலம் சார்ந்த வரம்புன்னு ஒண்ணும் வைக்கல, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்குக் கவலைப்படற அளவுல அது குடிநீர்ல இருக்கறது அபூர்வம்ங்கறது தான் அவங்க நிலைப்பாடு. ஆனா அதே நிறுவனம் தனியா எச்சரிக்கிற ஒரு இடம் இருக்கு, அது தான் பொட்டாசியம் குளோரைடு போட்டு ஓட்டற சாஃப்ட்னர்.

சாஃப்ட்னர் என்ன பண்ணுதுன்னா தண்ணியில இருக்கற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் உள்ள இருக்கற ரெசின்ங்கற சின்ன மணிகள்ல பிடிச்சு வச்சுக்கிட்டு அதுக்கு ஈடா சோடியத்தையோ பொட்டாசியத்தையோ விடுது, அந்த மணிகளைத் தொட்டியில இருக்கற உப்புத் தண்ணியால திரும்ப நிரப்பறது தான் ரீசார்ஜ். எடுக்கற மின்சுமைக்குச் சமமா குடுத்தே ஆகணும், அதனால எவ்வளவு சேரும்னு முன்கூட்டியே கணக்கு போட்டுடலாம். வாட்டர் ரிப்போர்ட்ல ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மைன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, கால்சியம் கார்பனேட்டா கணக்கு பண்ணி லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்னு போட்டிருப்பாங்க. அந்த எண்ணை 0.46ஆல பெருக்கினா சாதா உப்பு போட்டா சேர்ற சோடியம், 0.78ஆல பெருக்கினா பொட்டாசியம் குளோரைடு போட்டா சேர்ற பொட்டாசியம். சில ரிப்போர்ட்ல கேலனுக்கு இத்தனை கிரெயின்னு இருக்கும், அதை 17.1ஆல பெருக்கிட்டு இந்தக் கணக்குக்கு வாங்க.

உதாரணமா ஹார்ட்னஸ் 300 இருக்கற தண்ணியை எடுத்துக்கலாம், நல்லா கடினமான தண்ணி. சாதா உப்புன்னா லிட்டருக்கு சுமார் 138 மில்லிகிராம் சோடியம் சேரும், பொட்டாசியம்னா சுமார் 235. ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் குடிக்கறவருக்கு முதல் கேஸ்ல 276 மில்லிகிராம் சோடியம், ரெண்டாவது கேஸ்ல 470 மில்லிகிராம் பொட்டாசியம். ஹார்ட்னஸ் 500ன்னா ரெண்டு லிட்டர்ல 460 சோடியம் அல்லது 780 பொட்டாசியம். சமைக்கறதுல போற தண்ணி இதுல சேரல.

இந்த எண்ணுக்கெல்லாம் என்ன அர்த்தம்? பெரியவங்க ஒரு நாளைக்கு சோடியம் 2000 மில்லிகிராமுக்குக் கீழ தான் எடுத்துக்கணும், பொட்டாசியம் குறைஞ்சது 3510 மில்லிகிராம் எடுத்துக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2012ல சொல்லிச்சு. அதாவது ஒண்ணுக்கு மேல்வரம்பு, இன்னொண்ணுக்குக் கீழ்வரம்பு. நம்மள்ல நிறைய பேர் சோடியம் ஜாஸ்தியாவும் பொட்டாசியம் கம்மியாவும் தான் சாப்பிடறோம். அந்தப் பார்வையில, கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு தண்ணி வழியா 470 மில்லிகிராம் பொட்டாசியம் போறது கெடுதல் இல்ல, சொல்லப்போனா சோடியம் போறதுக்கு அது தேவலாம். சைனாவுல 600 கிராமங்கள்ல சுமார் 21 ஆயிரம் பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2021ல வெளியிட்டாங்க, சமையல் உப்புல கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து குடுத்தவங்களுக்கு பக்கவாதம் சுமார் 14 சதவீதம் குறைஞ்சது. பொட்டாசியம் விக்கிறவங்க இதை இழுத்துப் பேசுவாங்க, ஆனா அது சாப்பாட்டு உப்பு பத்தின ஆய்வு, சோடியம் குறைஞ்சதும் அதுல சேர்ந்திருக்கு, சாஃப்ட்னர் தண்ணிக்கு அப்படியே தூக்கி ஒட்ட முடியாது. அந்த ஆய்வுலயே தீவிரமான கிட்னி நோய் இருக்கறவங்களைச் சேர்க்கலங்கறதையும் மறக்கக் கூடாது.

ஏன்னா விஷயமே அங்க தான் இருக்கு. உடம்புக்குள்ள போற பொட்டாசியத்துல 90 சதவீதம் மாதிரி வெளிய தள்றது கிட்னி தான். ரத்தத்துல அது லிட்டருக்கு 3.5லேருந்து 5 மில்லிமோல்ங்கற குறுகின எல்லைக்குள்ள இருக்கணும், 6.5க்கு மேல போனா இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். இதுல மோசமான சமாச்சாரம் என்னன்னா ஏறிக்கிட்டு வர்றது பல பேருக்குத் தெரியவே தெரியாது, கொஞ்சம் தசை பலவீனம், அசதின்னு இருக்கும், சில பேருக்கு அதுவும் இருக்காது, ரத்த டெஸ்ட் எடுத்தா தான் தெரியும். நாள்பட்ட கிட்னி நோய் முத்தினவங்களுக்கு டாக்டர் பொட்டாசியத்தை ஒரு நாளைக்கு 2000லேருந்து 3000 மில்லிகிராமுக்குள்ள கட்டுப்படுத்தச் சொல்லுவாங்க. 2000னு சொல்லியிருக்கற ஒருத்தர் பழம், காய் எல்லாம் பார்த்துப் பார்த்து ஒதுக்கிக்கிட்டு, தண்ணியில மட்டும் 780 மில்லிகிராம் குடிச்சா பத்துல நாலு பங்கு கோட்டா அங்கயே போச்சு, அவருக்கு அது கணக்குலயே வராது, யாரும் தண்ணியை எழுதி வைக்க மாட்டாங்க.

கிட்னி நோய்னு பேர் வைக்காத ஆளுங்களும் இந்தப் பட்டியல்ல வருவாங்க. பிரஷருக்கு ராமிப்ரில், எனாலப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரை போடறவங்க, இதயத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கறவங்க, உறுப்பு மாற்றுக்கு அப்புறம் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுக்கறவங்க, இதெல்லாம் பொட்டாசியம் வெளிய போறதைக் குறைக்கற மருந்துங்க. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை அடிக்கடி போடறதும் அப்படித் தான். சர்க்கரை, இதய நோய், அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு இருக்கறவங்களையும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்துச் சொல்லுது. இதுக்காக இந்த மாத்திரை போடற எல்லாருக்கும் அந்தத் தண்ணி ஆபத்துன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம குடிக்கக் கூடாத கூட்டம் இது. மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, தண்ணியை மாத்தறது ஈஸி.

அப்புறம் கைக்குழந்தை. பவுடர் பால் குடிக்கற அஞ்சு கிலோ குழந்தை ஒரு நாளைக்கு 750 மில்லி மாதிரி குடிக்கும். ஹார்ட்னஸ் 300 தண்ணியைப் பொட்டாசியத்துல சாஃப்ட் பண்ணிக் கலக்கினா சுமார் 175 மில்லிகிராம் பொட்டாசியம் கூடுதலா போகும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஒரு நாளைக்குப் போதும்னு அமெரிக்காவுல வச்சிருக்கற அளவே 400 மில்லிகிராம் தான், அது பவுடர்லயே கிடைச்சிடுது, இது அதுக்கு மேல. கிட்னி இன்னும் முழுசா முதிராத வயசு. சோடியம்னாலும் இதே கதை தான், அதனால குழந்தைக்குப் பால் கலக்க ரெண்டு சாஃப்ட்னர் தண்ணியும் வேண்டாம்.

சரி, இப்போ வழிகளுக்கு வரலாம்.

நான் முதல்ல சொல்றது குடிக்கவும் சமைக்கவும் தனி லைன். வீட்டுக்குள்ள வர்ற மெயின் பைப்புல சாஃப்ட்னருக்கு முன்னாடியே T வடிவ பைப் இணைப்பு ஒண்ணு போட்டு கிச்சன் சிங்க்ல பச்சத் தண்ணிக் குழாய்க்கு மட்டும் நேரா கொண்டு போயிடறது. குளியல், துணி, ஹீட்டர், பாத்திரம் கழுவற மெஷின் எல்லாத்துக்கும் சாஃப்ட் தண்ணி. கடினத்தன்மையால வர்ற தொந்தரவு எல்லாம் சூடு பண்ற இடத்துலயும் சோப்பு போடற இடத்துலயும் தான், குடிக்கறதுல இல்ல. கால்சியம், மெக்னீசியம் உடம்புக்கு வேணுங்கறது தான், அதைக் காசு குடுத்து எடுத்துட்டு சோடியத்தையோ பொட்டாசியத்தையோ வாங்கிக் குடிக்கணும்னு என்ன இருக்கு? கெட்டில்ல வெள்ளையாப் படியும், வினிகர் ஊத்தி எடுத்துக்கலாம். வீடு கட்டும்போதோ பாத்ரூம் வேலை நடக்கும்போதோ பிளம்பர்கிட்ட சொன்னா சின்ன வேலை, டைல்ஸ் ஒட்டின பிறகுன்னா கஷ்டம். இந்த ஒரு லைன் இருந்துட்டா தொட்டியில எந்த உப்பு போட்டாலும் உங்க ரத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாம போயிடும். கனடாவோட சுகாதாரத் துறையும் உலக சுகாதார நிறுவனமும் கூட சாஃப்ட்னர் விஷயத்துல இந்த யோசனையைத் தான் குடுக்கறாங்க.

ஒண்ணு கவனிங்க, இதுல அடிக்கடி நடக்கற கோளாறு, லைன் பிரிச்சதா சொல்லுவாங்க, ஆனா சிங்க் குழாய்ல சுடுதண்ணிப் பக்கம் ஹீட்டர் வழியா சாஃப்ட் தண்ணி தான் வரும். சமைக்க அவசரத்துக்கு அந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சா பிரிச்சதுக்கே அர்த்தம் இல்ல. ஃபிரிட்ஜ்ல தண்ணி வர்ற வசதி, ஐஸ் மெஷின் இருந்தா அது எந்த லைன்ல இருக்குன்னும் பாருங்க.

பைப் பிரிக்கவே முடியாதுன்னா அடுத்தது சிங்குக்கு அடியில ஆர்ஓ. நல்ல நிலையில இருக்கற மெம்பிரேன் சோடியம், பொட்டாசியம் ரெண்டையுமே பத்துல ஒன்பது பங்குக்கு மேல தடுத்துடும், 235 இருந்தது இருபது சொச்சத்துக்குக் கீழ வந்துடும். சாஃப்ட் தண்ணி போறதால மெம்பிரேன்ல சுண்ணாம்பு படியாம அதோட ஆயுசும் கூடும். ஆனா தண்ணி வீணாகும், மெம்பிரேன் பழசாக ஆக தடுக்கற திறனும் குறையும், மாத்தாம விட்டா உங்களுக்குத் தெரியாமலே பொட்டாசியம் திரும்ப வர ஆரம்பிக்கும். வீட்ல கிட்னி நோயாளி இருந்தா இதைத் தேதி போட்டு எழுதி வைக்கணும். கார்பன் ஃபில்டர், யூவி, பீங்கான் ஃபில்டர் எதுவும் இதைத் தொடாது. கொதிக்க வச்சா ஆவி தான் போகும், பொட்டாசியம் அங்கயே இருக்கும், கொஞ்சம் செறிவு வேற கூடும்.

மூணாவது, குடிக்கறதும் சாஃப்ட்னர் தண்ணி தான், வேற வழியே இல்ல, வாடகை வீடு, பைப்பைத் தொட விட மாட்டாங்கன்னு வச்சுக்கோங்க. இங்க தான் எந்த உப்புங்கற கேள்விக்கே வேலை. வீட்ல இருக்கறவங்கள்லயே யாருக்குக் கிட்னி பலவீனமோ அவரை வச்சு முடிவு பண்ணணும், ஆரோக்கியமா இருக்கற நாலு பேரை வச்சு இல்ல. எல்லாருக்கும் கிட்னி சரியா இருந்து, மேல சொன்ன மாத்திரை எதுவும் இல்லாம, யாருக்காவது பிரஷருக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தா பொட்டாசியம் பக்கம் சாயலாம். கிட்னி பலவீனமானவரோ அந்த மாத்திரை போடறவரோ ஒருத்தர் இருந்தா, இல்ல மாத்திரை விஷயம் தெளிவா தெரியலன்னா சாதா உப்பு. ஹார்ட்னஸ் ரொம்ப ஜாஸ்தியா இருந்து சோடியமும் லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினா நாக்குக்கே உப்பு தெரிய ஆரம்பிக்கும். சோடியத்தைக் கண்டிப்பா குறைக்கணும், பொட்டாசியமும் ஆகாதுன்னு ரெண்டும் சேர்ந்த ஆள் வீட்ல இருந்தா, இதய பலவீனத்தோட கிட்னியும் பாதிச்சவங்க பெரும்பாலும் இப்படித் தான், அவங்களுக்கு ரெண்டு உப்புமே சரி வராது, ஆர்ஓவோ வெளியிலேருந்து குடிதண்ணியோ தான்.

ரெண்டையும் பாதிப் பாதி கலந்து போடலாமேன்னு சிலர் கேப்பாங்க. ரெசின் ஏத்துக்கும், மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா தண்ணியில எது எவ்வளவு வருதுன்னு அப்புறம் கணக்கு போட முடியாது, எனக்கு அதுல பெருசா லாபம் தெரியல.

உப்பே போடாத கண்டிஷனர்னு ஒரு வகை விக்குது. அது தண்ணியை சாஃப்ட் ஆக்கறது இல்ல, கால்சியம் பைப்புல ஒட்டாம சின்னச் சின்னப் படிகமா மிதந்து போற மாதிரி பண்ணுது. சோடியமும் சேராது பொட்டாசியமும் சேராது, அந்தக் கவலை சுத்தமா இல்ல. சோப்பு நுரை வராத பிரச்சினை அப்படியே தான் இருக்கும். ஹீட்டருக்காக மட்டும்னா யோசிக்கலாம்.

பொட்டாசியம் குளோரைடை ஓட்டறதுல இருக்கற நடைமுறைத் தொல்லையையும் சொல்லிடணும். விலை சாதா உப்பை விட பல மடங்கு. மெஷின்ல ஹார்ட்னஸ் செட்டிங்கைக் கொஞ்சம் ஏத்தி வைக்கணும், இல்லன்னா ரெசின் முழுசா ரீசார்ஜ் ஆகாம பாதியில கடினத் தண்ணி வர ஆரம்பிக்கும். இன்னொண்ணு, இந்த உப்பு கரையும்போது தண்ணியிலேருந்து சூட்டை இழுத்துக்கும், தண்ணி குளிர்ந்தா இது கரையற அளவும் குறையும், அதனால குளிர் இடத்துல தொட்டிக்குள்ள திரும்ப உறைஞ்சு கெட்டியாயிடும். மூடியைத் திறந்து பார்த்தா தொட்டி நிறைய உப்பு இருக்கற மாதிரி தெரியும், ஒரு குச்சியால குத்தினா மேல வெல்லக்கட்டி மாதிரி ஒரு பாளம், அதுக்குக் கீழ வெறும் பள்ளம், தண்ணிக்கும் உப்புக்கும் தொடர்பே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டு அப்பப்போ குத்தி விடறது தான் வழி. செடிக்கு ஊத்த சோடியத்தை விட பொட்டாசியம் தண்ணி பரவால்ல, ஆனா குளோரைடு ரெண்டுலயும் ஒரே அளவு தான், அதனால இயற்கைக்கு நல்லதுன்னு அட்டைப்பெட்டியில எழுதியிருக்கறதை அப்படியே நம்ப வேண்டாம்.

தண்ணியில மொத்தமா எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டரை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. சாஃப்ட்னர் உப்பை எடுக்கல, மாத்துது. சோடியம்னா மீட்டர்ல எண் லேசா இறங்கலாம், பொட்டாசியம்னா அது மின்சாரத்தை இன்னும் நல்லா கடத்தறதால எண் ஏறும். அதைப் பார்த்துட்டு மெஷின் வேலை செய்யலன்னு சண்டை போடறவங்க இருக்காங்க. எந்த உப்பு எவ்வளவுன்னு மீட்டர் சொல்லாது, லேப் ரிப்போர்ட் தான் சொல்லும்.

லேப் ரிப்போர்ட்லயும் ஒரு வேடிக்கை இருக்கு. மொத்த பீட்டா கதிரியக்கம்னு டெஸ்ட் பண்ணினா பொட்டாசியத்துல ஓடற சாஃப்ட்னர் தண்ணி கண்டிப்பா பயமுறுத்தும். இயற்கையான பொட்டாசியத்துல 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40, அது கதிரியக்கம் உள்ளது, ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு சுமார் 28 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கற அலகு) பீட்டா வரும். லிட்டருக்கு 235 மில்லிகிராம்னா ஆறரை பெக்கரல், முதல்கட்ட சோதனைக்கு வச்சிருக்கற அளவே 1 பெக்கரல் தான். ஆனா உடம்பு தன்கிட்ட இருக்கற பொட்டாசியத்தை எப்பவும் ஒரே அளவுல வச்சுக்கறதால தண்ணியில கூடுதலா வந்தாலும் உடம்புல அந்தக் கதிரியக்கம் அதிகமாகாது, அதனால அந்தப் பங்கைக் கழிச்சிட்டுத் தான் மீதியைப் பார்க்கணும்னு விதியே இருக்கு. கழிக்காம குடுத்த ரிப்போர்ட்டா இருந்தா லேப்ல கேட்டு வாங்குங்க.

வீட்லயே டயாலிசிஸ் பண்றவங்க வீட்ல நிலைமை முழுக்க வேற. அந்த மெஷினுக்குப் போற தண்ணியில பொட்டாசியம் லிட்டருக்கு 8 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதைச் சுத்திகரிக்கத் தனி அமைப்பு இருக்கும். சாஃப்ட்னர்ல உப்பை மாத்தறதா இருந்தா மாத்தறதுக்கு முன்னாடியே டயாலிசிஸ் டீமுக்குச் சொல்லிடணும், பிளம்பர் சொன்னாருன்னு நீங்களா மாத்திடாதீங்க.

உப்பை மாத்தினவங்க தண்ணியை டெஸ்ட் பண்ணணும்னா உடனே பண்ணிப் பிரயோஜனம் இல்ல, ரெசின்ல பழைய சோடியம் மிச்சம் இருக்கும், ரெண்டு மூணு ரீசார்ஜ் ஓடின பிறகு எடுங்க. சாம்பிளை மெஷின் பக்கத்துல பிடிக்காதீங்க, நீங்க தினமும் டம்ளர்ல பிடிக்கற அதே குழாய்ல பிடிங்க, சோடியம், பொட்டாசியம், ஹார்ட்னஸ் மூணையும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போகும்போது மாத்திரைச் சீட்டோட அந்தத் தாளையும் எடுத்துட்டுப் போங்க, லிட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கறீங்கன்னு ரெண்டு எண்ணைக் குடுத்தா அவர் அங்கயே சொல்லிடுவார்.